மூன்று தலைமுறைக்கும் ஒரே காணியில் வீடுகள்: பொது இடங்களை எப்படி அமைப்பது?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

அனைவருக்கும் வணக்கம். ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒன்பது குடும்பத்தினர் சேர்ந்து, பண்டாரவளைக்கு அருகில் ஏறக்குறைய ஓர் ஏக்கர் காணியை வாங்கும் முயற்சியில் இருக்கிறோம். எங்களில் சிலர் உடன்பிறந்தவர்கள், சிலர் சம்பந்தி முறையினர், மற்றவர்கள் உறவு ஏதும் இல்லாமல், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பிராவில் (அறையில்) வளர்ந்தவர்கள். எண்பது வயதைக் கடந்த பெற்றோரும், பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளும், கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் வேலை செய்துகொண்டு விடுமுறைக்கு மட்டும் வருபவர்களும் எங்களிடையே உள்ளனர். பெற்றோரைத் தனியே விட்டுச் செல்லவும் மனமில்லை, அவர்களுக்காக வேலையை விட்டு வரவும் வழியில்லை என்ற நிலையிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் குசினியும் குளியலறையும் கொண்ட முழுமையான தனி வீடு. அவற்றோடு எல்லோருக்கும் உரிய ஒரு பொதுவீடு. அதில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடவும், பிள்ளைகள் படிக்கவும், முதியவர்கள் பகலில் துணையோடு அமர்ந்திருக்கவும் இடம். இவ்வளவுதான் எங்கள் விருப்பம். டென்மார்க்கில் ஹில்லரொட் நகருக்கு அருகில் 1972ஆம் ஆண்டு 27 வீடுகளோடு அமைந்த செட்டடாமன் குடியிருப்பைப் பற்றியும், அதன்பின் அந்த நாட்டில் இத்தகைய கூட்டுக் குடியிருப்புகள் பெருகியதைப் பற்றியும் படித்தபோது, நாங்கள் நினைத்ததை வேறொரு நாட்டினர் செய்து காட்டியிருக்கிறார்கள் என்ற தைரியம் வந்தது.

ஆனால் வீட்டுக்குள் எதிர்ப்பு இருக்கிறது. "லயத்தை விட்டு வெளியே வருவதற்கே மூன்று தலைமுறை பாடுபட்டோம், இப்போது காசு கொடுத்து இன்னொரு லயத்தைக் கட்டப் போகிறீர்களா?" என்று என் தாயார் கேட்கிறார். இளையவர்கள் சிலர், ஆளுக்கு 7 பேர்ச்சஸ் பிரித்து, சுற்றி மதில் எழுப்பி, அவரவர் காணி உறுதிப் பத்திரத்தை அவரவர் வைத்துக்கொள்வதே நிம்மதி என்கிறார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே நான் எண்ணுகிறேன்.

சரிவான காணியில் எதை எங்கே வைப்பது, பொதுவீடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், நடக்கச் சிரமப்படுகிறவரும் ஓடித் திரிகிற பிள்ளையும் ஒரே இடத்தைப் பயன்படுத்துவதற்கு என்ன செய்ய வேண்டும், காணியை எந்த முறையில் எழுதி வைப்பது என்பவற்றை அறிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.


பதில்: கட்டடக் கலைஞர், கண்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தங்களின் தாயார் கேட்ட கேள்விக்கு வரைபடத்தில் முதலில் விடை எழுதிவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லயத்தில் மக்கள் நெருங்கி வாழ்ந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த நெருக்கத்தை அவர்கள் கேட்டுப் பெறவில்லை. பல லயங்களில் காம்பிராக்களுக்கு இடையிலான சுவர் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றது. ஒரு வீட்டின் இருமலும் சண்டையும் குழந்தையின் அழுகையும் வரிசை முழுவதற்கும் கேட்டன. மணமான மகனுக்கும் வயதுவந்த மகளுக்கும் நோயுற்ற பாட்டனுக்கும் அந்த ஒரே காம்பிராதான் அறை. மலசலகூடத்துக்கு இருட்டில் நடந்து போக வேண்டும். கூரைத் தகரத்தை மாற்றுவதாக இருந்தாலும் தோட்ட நிர்வாகம் மனம்வைக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை இல்லாதவருக்குப் பொது இடம் என்பது தப்பிக்க முடியாத இடமாகிவிடுகிறது. ஆகவே முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிமையை உறுதிசெய்யுங்கள். அடுத்தடுத்த வீடுகளுக்குப் பொதுச் சுவர் வருமானால், அது ஒன்பது அங்குலத் தடிப்பில் கூரைத் தகடுவரை இடைவெளியின்றி எழ வேண்டும். படுக்கையறைகள் பொதுச் சுவரை ஒட்டி வராமல் மறுபுறம் திரும்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்புறத்தில் மற்றவர் பார்வை படாத சிறு முற்றம் ஒன்று தேவை. துவைக்கவும், அழவும், யாரோடும் பேச விருப்பமில்லாத நாளில் வெயில் காயவும் அது வேண்டும்.

டென்மார்க்கின் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வீட்டின் வடிவத்தைக் காட்டிலும் தீர்மானிக்கும் முறையையே. யான் குட்மண்ட்-ஹொயர் என்ற கட்டடக் கலைஞர் 1964இல் நண்பர்களோடு பேசத் தொடங்கினார்; வாங்கிய முதற் காணியில் அயலவர்களின் எதிர்ப்பால் கட்ட முடியாமற் போனது; 1973இல்தான் ஸ்க்ரோபிளானட் என்ற இடத்தில், அதுவும் சரிவான நிலத்தில், 33 வீடுகள் எழுந்தன. இத்தனை ஆண்டுகள் பேசியதால்தான் குடியேறியவர்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்திருந்தது. அவ்வளவு தூரம் போகாமல் கண்டியிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1950களில் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தை வகுத்த மினெட் டி சில்வா, அங்கே குடியேறப் போகிறவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, யாருக்கு எத்தகைய குசினி வேண்டும், வழிபாட்டுக்கு இடம் வேண்டுமா, எத்தனை பேர் சேர்ந்து வாழ்கிறார்கள் என்றெல்லாம் கேட்டறிந்து, வெவ்வேறு வீட்டு வகைகளை வரைந்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று பல சமூகத்தவரும் அதில் குடியேறினர். தாங்களும் ஒன்பது குடும்பத்திலும் உள்ள ஒவ்வொருவரிடமும், பிள்ளைகளையும் விட்டுவிடாமல், தனித்தனியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவர் சொல்வதும் அதே வீட்டு மருமகள் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை.

இனி நிலம். பதுளை மாவட்டத்தில் எந்தக் காணியாக இருந்தாலும், முழுப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பரில் டித்வா புயலின் மழையில் மலையகமெங்கும் சரிவுகள் இடிந்து விழுந்ததையும் பார்த்த நாம், அறிக்கை வரும்வரை ஒரு மண்வெட்டியைக்கூட அந்தக் காணியில் இறக்கக் கூடாது. வீட்டுக்குத் தட்டு வெட்டும்போது உயரமாகச் செங்குத்தாக வெட்டுவதையும், வெட்டிய மண்ணை ஓரத்தில் தள்ளி அதன்மேல் அத்திவாரம் போடுவதையும் தவிருங்கள். வெட்டுக்கு மேற்புறத்தில் மழைநீரை வழிமறித்து ஓரமாகக் கொண்டுசெல்லும் கான் முதலில். தாங்குசுவரில் நீர்வடியும் துளைகள் அடுத்தது. வீடு அதற்குப் பிறகுதான். ஒன்பது வீடுகள் தனித்தனியே இருந்தால் ஒன்பது பேர் ஒன்பது விதமாகக் கான் வெட்டுவார்கள், மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டுச் சுவரில் இறங்கும். மதில் எழுப்பிப் பிரிந்துகொள்ள விரும்பும் இளையவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். மலையில் நீரும் மண்ணும் எல்லைக் கல்லைப் பார்ப்பதில்லை. குறைந்தது வடிகாலும் தாங்குசுவரும் மலக்குழியும் பொதுத் திட்டத்தின்படியே அமைந்தாக வேண்டும்.

சரிவில் முதியவருக்கு ஏற்ற பாதை அமைப்பதுதான் மிகக் கடினமான பகுதி. சக்கர நாற்காலி செல்லக்கூடிய சாய்வுப் பாதை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவுக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. மூன்று மீற்றர் உயர வேறுபாட்டைக் கடக்க வேண்டுமானால் 36 மீற்றர் நீளப் பாதையும், நடுவே நின்று இளைப்பாறத் தட்டையான இடங்களும் வேண்டியிருக்கும். ஓர் ஏக்கருக்குள் எல்லா வீட்டையும் இப்படி இணைக்க முயன்றால் காணி முழுவதும் பாதையாகிவிடும். ஆகையால் பொதுவீட்டையும், முதியவர்கள் வாழும் நான்கைந்து வீடுகளையும் ஒரே தட்டில், வாகனம் வந்து நிற்கும் இடத்துக்குச் சமமான மட்டத்தில் வைத்துவிட்டு, இளைய குடும்பங்களின் வீடுகளை மேல் தட்டில் வையுங்கள். இவற்றுக்கு இடையில் கைப்பிடியுள்ள அகன்ற படிகள் போதும். ஒரு படியின் உயரம் 150 மில்லிமீற்றரைத் தாண்ட வேண்டாம். நோயாளியைத் தூக்கிச்செல்லும் வண்டி வாசல்வரை வர முடியாத வீட்டில் எண்பது வயதுக்காரரைக் குடியமர்த்தாதீர்கள்.

லயத்திலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்க ஒன்றும் உண்டு. எல்லா வாசல்களுக்கும் முன்னால் ஒரே நடைபாதை செல்வதும், அதை ஒட்டி இஸ்தோப்பு (முன் திண்ணை) இருப்பதும் அறிவார்ந்த அமைப்பு. இஸ்தோப்பில் அமர்ந்து கீரை ஆய்கிற பாட்டியின் கண்ணில் படாமல் எந்தப் பிள்ளையும் பாதையில் போக முடியாது. அந்த அமைப்பை வைத்துக்கொண்டு அளவை மட்டும் மாற்றுங்கள். நடைபாதைக்கும் வாசலுக்கும் இடையில் இஸ்தோப்பும் பூஞ்செடிகளுமாக மூன்று மீற்றர் ஆழமேனும் இருந்தால், அமர்ந்திருப்பவர் விரும்பினால் பேசலாம், விரும்பாவிட்டால் தலையசைத்துவிட்டு இருந்துவிடலாம். ஊவாப் பக்கத்தில் வருட நடுவில் வீசும் கச்சான் காற்று வறண்டதும் கடுமையானதும் ஆகும். வருடக் கடைசியிலோ மழை விடாமல் பெய்யும். எனவே இஸ்தோப்புகளைக் காலை வெயில் படும் கிழக்கு நோக்கி வைத்து, நடைபாதைக்குக் கூரை போடுங்கள். படங்களில் அழகாகத் தெரிகிற திறந்த நடுமுற்றம் மழை மாதங்களில் வெறிச்சோடிக் கிடக்கும். டென்மார்க்கில்கூட 1984இல் யுஸ்ட்ரப் என்ற ஊரில் 21 வீடுகளைக் கட்டியபோது, அவற்றுக்கு நடுவே செல்லும் தெருவையே கண்ணாடிக் கூரையால் மூடினார்கள். குளிரும் மழையும் உள்ள ஊரில் கூரையிட்ட பாதையில்தான் மனிதர் நின்று பேசுவார்கள்.

பொதுவீட்டின் இடத்தைப் பொறுத்தவரை, அது வாகனத் தரிப்பிடத்துக்கும் வீடுகளுக்கும் நடுவில், எல்லோரும் நாள்தோறும் கடந்து போயே ஆக வேண்டிய வழியில் இருக்க வேண்டும். தோட்டங்களில் கட்டிய எத்தனையோ சமூக மண்டபங்கள் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம், அவை ஒதுக்குப்புறத்தில் நிற்பதும் திறப்பு ஒருவர் கையில் இருப்பதுமே. அளவுக்கு ஒரு கணக்கைத் தருகிறேன். நாற்பது பேர் அமர்ந்து சாப்பிட 600 சதுர அடி, குசினியும் களஞ்சியமும் 200, விருந்தினர் அறை இரண்டுக்கு 240, பிள்ளைகளின் படிப்பறை 150, துணி உலர்த்தும் அறை 100, மலசலகூடங்கள் 60, மொத்தம் 1,350. ஒவ்வொரு குடும்பமும் 900 சதுர அடியில் கட்ட நினைத்த வீட்டை 750ஆகக் குறைத்தால், ஒன்பது வீட்டிலும் மிஞ்சுவது அதே 1,350. தீபாவளிக்கு மட்டும் நிறைகிற அறையை ஒன்பது குடும்பமும் தனித்தனியே கட்டி வருடம் முழுவதும் பூட்டி வைப்பதைவிட, இரண்டு விருந்தினர் அறைகளை எல்லோருமாகப் பயன்படுத்துவது எவ்வளவோ சிக்கனம். துணி உலர்த்தும் அறையைச் சிறிய விஷயமென்று விட்டுவிடாதீர்கள். மழை மாதங்களில் பாடசாலைச் சீருடை உலராத கவலை எல்லா வீட்டிலும் உண்டு. குசினிச் சுவருக்கு மறுபுறத்தில், ஒளிபுகும் தகட்டுக் கூரையோடும் நல்ல காற்றோட்டத்தோடும் அந்த அறை இருந்தால், பொதுவீட்டுக்கு மக்கள் தாமாகவே வருவார்கள். பொதுவீட்டுக் கூரை முழுவதன் பரப்பு ஏறக்குறைய 125 சதுர மீற்றர். ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றர் மழை என்று வைத்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், ஒன்றரை இலட்சம் லீற்றர் நீர் கிடைக்கும். பொதுவீட்டுத் துவைப்புக்கும் தோட்டத்துக்கும் அதைத் தாங்கியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னுமொன்று, பலர் வரைபடத்தில் மறப்பது. சடங்கும் கல்யாணமும் மரணமும் நம் சமூகத்தில் வீட்டு வாசலிலேயே நடக்கின்றன. பொதுவீட்டின் கதவு இரட்டைக் கதவாகவும், அதன் முன்னால் பந்தல் போடக்கூடிய சமதரை ஒன்றும் இருக்கட்டும். பிரேதத்தை நாலு பேர் தோளில் தாங்கிப் படியில் திரும்ப முடியாமல் தடுமாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை புரியும்.


பதில்: சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் பொறுப்பாக இருந்தவர், ஹட்டன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கட்டடக் கலைஞர் சொன்ன அமைப்பு மிக நன்றாக இருக்கிறது. நான் பேச விரும்புவது, அந்தப் பொதுக் குசினியில் யார் நிற்பார்கள் என்பதைப் பற்றி.

தோட்டத்துப் பெண் விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டு, மலையில் கொழுந்து பறித்து, மாலையில் வந்து மறுபடியும் சமைக்கிறாள். பொதுக் குசினி என்ற பெயரில் அவள் நாற்பது பேருக்குச் சமைக்க நேர்ந்தால், அந்தக் குடியிருப்பால் அவளுக்குக் கிடைத்தது கூடுதல் வேலைதான். ஆகவே சமையல் முறை எழுத்தில் இருக்க வேண்டும். ஆண்களின் பெயரும் அதில் சமமாக இருக்க வேண்டும். ஒன்பது குடும்பத்திலும் வேலை செய்யக்கூடிய பெரியவர்கள் இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு வேளை மட்டும் சேர்ந்து சாப்பிட்டு, ஒவ்வொரு வேளைக்கும் இருவர் பொறுப்பேற்றால், ஒருவருக்கு ஐந்து வாரத்துக்கு ஒரு தடவைதான் முறை வரும். மற்ற நாட்களில் அவரவர் வீட்டில் அவரவர் சமையல். ஞாயிற்றுக்கிழமைப் பகலும், வாரநாளில் ஓர் இரவும் தொடங்குவதற்குப் போதும். விருப்பம் வளர்ந்தால் கூட்டிக்கொள்ளலாம். வராத குடும்பத்தை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது.

முதியவர்களையும் பிள்ளைகளையும் ஒரே கூரைக்குக் கீழே வைப்பது நல்லதுதான். ஆனால் பிள்ளைகளை முதியவர்களின் பொறுப்பில் முழுவதுமாக ஒப்படைத்துவிடுவது வேறு விஷயம். முழங்கால் வலிக்காரர் ஓடும் பிள்ளையைத் துரத்த முடியாது. பிற்பகலில் பிள்ளைகள் பாடசாலையால் வருகிற நேரம் முதல் பெரியவர்கள் வேலையால் வருகிற நேரம்வரை, பொதுவீட்டில் வேலைக்கேற்ற உடல்வலு உள்ள ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு எல்லோரும் சேர்ந்து சம்பளம் கொடுக்க வேண்டும். இந்த வேலையைப் பாசத்தின் பேரில் இலவசமாக ஒரு மருமகள் மேல் சுமத்திவிடுவது நம் குடும்பங்களில் எளிதாக நடந்துவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை சில கோரிக்கைகள் உள்ளன. பிள்ளைகளின் அறையும் முதியவர் அமரும் இடமும் ஒன்றையொன்று பார்க்கக்கூடியவையாக இருக்கட்டும். ஆனால் நடுவே சாத்தக்கூடிய கதவு வேண்டும். பிள்ளைகளின் கூச்சல் ஒரு மணி நேரத்துக்கு இனிமை, அதற்கு மேல் முதியவருக்குத் தலைவலி. முதியவர் அமரும் பக்கத்திலிருந்து மலசலகூடம் சில அடி தூரத்திலேயே இருக்க வேண்டும். கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும், உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உதவிக்குப் போக முடியாது. தொலைக்காட்சியை நடு மண்டபத்தில் வைக்காதீர்கள்; வைத்தால் அந்த மண்டபத்தில் பேச்சு நின்றுவிடும், எந்த அலைவரிசை என்ற தகராறு மட்டும் மிஞ்சும். வயதுவந்த பிள்ளைகளுக்கும், சிறு பிள்ளைகளின் அறையில் அடங்காத அவர்களுக்கென்று, சற்றுத் தள்ளி ஓர் இடம் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் வீதி முனையைத் தேடிப் போவார்கள்.

வெளிப்படையாகப் பேச வேண்டிய இரண்டு இருக்கின்றன. ஒன்று மது; பொதுவீட்டிலும் அதன் முன்றிலிலும் எந்த நாளும், எந்தக் கொண்டாட்டத்திலும் கூடாது என்பதைக் குடியேறும் முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றொன்று சாதி. உடன்பிறந்தவர்களும் உறவு இல்லாதவர்களும் சேர்கிற குடியிருப்பில், யார் சமைத்ததை யார் உண்பது என்ற பழைய எண்ணம் ஒரு வீட்டுப் பெரியவர் மனத்தில் சிறிதளவு இருந்தாலும் பொதுக் குசினி ஒரு மாதம் தாங்காது. காணி வாங்குவதற்கு முன்பே ஒன்பது குடும்பமும் ஒருவர் வீட்டில் ஒருவர் மாறி மாறிச் சமைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அந்தச் சில மாதங்கள், அளவையாளருக்குக் கொடுக்கும் கூலியைவிடப் பயனுள்ளவை.


பதில்: நொத்தாரிசு, பதுளை

ஆசிரியர் அவர்களுக்கு, காணியைப் பற்றிய பகுதிக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

ஒன்பது பேரின் பெயரிலும் பிரிக்கப்படாத பங்காக ஒரே உறுதியை எழுதி, நம்பிக்கையின் பேரில் வீடுகளைக் கட்டிவிடுவதுதான் பலர் செய்கிற காரியம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின் கீழ், பிரிக்கப்படாத காணியின் இணை உரிமையாளர் எவரும் நீதிமன்றத்தில் பிரிவினை வழக்குத் தொடுக்கலாம். இப்போதுள்ள ஒன்பது பேரும் ஒற்றுமையாக இருந்தாலும், ஒருவர் காலமானதும் அவருடைய பங்கு நான்கைந்து வாரிசுகளுக்குப் போகும். அவர்களில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வழக்குத் தொடுத்தாலும் பொதுவீட்டின் நடுவே கோடு விழக்கூடும்.

எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் வழி இது. அனுமதிபெற்ற நில அளவையாளரைக் கொண்டு காணியைத் துண்டுகளாகப் பிரித்து, பிரதேச சபையின் அங்கீகாரம் பெற்று, ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுத் துண்டைத் தனி உறுதியாக எழுதுங்கள். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஆளுக்கு 7 பேர்ச்சஸ் என்றால் 63 போக 97 பேர்ச்சஸ் மிஞ்சும். பாதை, தாங்குசுவர், கான், விளையாடும் இடம், பொதுவீடு அனைத்தும் அதில் அடங்கும். இளையவர்கள் கேட்கிற தனி உறுதியும் கிடைத்துவிடும். வங்கிக் கடனுக்கும் அது உதவும். மிஞ்சிய பொதுத் துண்டை, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தினால் வரையறுக்கப்பட்ட கம்பனி ஒன்றைப் பதிவுசெய்து அதன் பெயரில் எழுதலாம். ஒன்பது வீட்டாரும் அதன் உறுப்பினர்கள். வீட்டை விற்பவரின் உறுப்புரிமை வாங்குபவருக்குச் செல்லும்படி கம்பனியின் விதிகளை எழுதிக்கொள்ளுங்கள். பொதுத் துண்டை எவரும் தம் பங்காகக் கேட்க முடியாது. வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மாடியாக வருமானால், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டத்தின் வழியே, தனி உரிமையும் பொதுப் பகுதிகளில் பங்கும் முகாமைத்துவச் சபையும் அமையும். எந்த வழியை எடுத்தாலும் பாதைக்கும் குழாய்க்கும் கானுக்கும் உரிய வழியுரிமைகளை ஒவ்வொரு உறுதியிலும் எழுதச் சொல்லுங்கள்; பிற்காலத்து வழக்குகளில் பெரும்பகுதி இவற்றால்தான் வருகிறது.

முதியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோரின் சேமலாப நிதியைக் கொண்டு வீடு கட்டி, உறுதியைப் பிள்ளையின் பெயரில் எழுதுவதாக இருந்தால், பெற்றோருக்குச் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதுங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் வாழும் உரிமையை எவரும் எடுக்க முடியாது. பிள்ளைகள் நல்லவர்களாக இருக்கும் குடும்பத்திலும் இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் பிள்ளை பெற்றோருக்கு முன்பே காலமானால் உரிமை மருமக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்விடுகிறது.


மறுமொழி: கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டடக் கலைஞர் எழுதியதை என் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். சுவர் கூரைவரை எழும், பின்புறத்தில் தனி முற்றம் வரும் என்ற பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். முற்றம் எத்தனை அடி என்று கேட்டார். அவர் அவ்வளவு தூரம் விசாரித்ததையே நான் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன்.

இரண்டு சந்தேகங்கள் எஞ்சியிருக்கின்றன. எல்லாக் குடும்பங்களிடமும் ஒரே நேரத்தில் பணம் இருக்காது. நான்கு குடும்பங்கள் உடனே கட்டத் தயார், மற்றவர்களுக்கு நான்கைந்து வருடங்கள் ஆகலாம். அப்படியானால் எதை முதலில் கட்டுவது? அத்தோடு, ஒரு குடும்பம் தன் வீட்டை 750 சதுர அடிக்குக் குறைக்க மறுக்கிறது. அவர்களை விட்டுவிடுவதா, விட்டுக்கொடுப்பதா?


பதில்: கட்டடக் கலைஞர், கண்டி

பணம் பகுதி பகுதியாக வரும் என்பது நல்ல செய்திதான். மலைச் சரிவில் எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் தோண்டக் கூடாது. முதலில் பாதையும் கான்களும் தாங்குசுவரும். அவை ஒரு மழைக்காலத்தைக் கடக்கட்டும், எங்கே நீர் தேங்குகிறது, எங்கே மண் அசைகிறது என்பது தெரிந்துவிடும். ஆனால் ஒன்பது வீட்டுத் தட்டுகளையும் இப்போதே வெட்டி வைக்காதீர்கள். மூடாமல் விட்ட வெட்டுத்தான் மழையில் முதலில் இடியும். அடுத்ததாகப் பொதுவீட்டில் குசினியையும் இரண்டு விருந்தினர் அறைகளையும் மலசலகூடத்தையும் மட்டும் கட்டுங்கள். மண்டபத்துக்குக் கூரையும் தூண்களும் தரையும் போதும், சுவர்கள் பிறகு வரலாம். வீடு கட்டும் குடும்பத்தினர் வேலையைப் பார்க்க வரும்போது அந்த அறைகளில் தங்கலாம். இன்னும் கட்டாதவர்களும் திருநாளுக்கு வந்து போகலாம். கட்டாத குடும்பத்துக்கும் அந்த இடத்தில் ஓர் அறை இருக்கிறது என்ற உணர்வு, அவர்கள் விலகிப் போகாமல் தடுக்கும். அதன்பின் முதியவர்களுக்கான கீழ்த் தட்டு வீடுகள், கடைசியில் மேல் தட்டு.

குறைக்க மறுக்கும் குடும்பத்தை வெளியேற்ற வேண்டாம். அவர்கள் விரும்பியபடி 900 சதுர அடியே கட்டட்டும். பொதுவீட்டுக்கான பங்கை மட்டும் மற்றவர்களைப் போலவே கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஆனால் ஏன் மறுக்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். பெரும்பாலும் காரணம் பரப்பளவாக இருக்காது. தங்கள் வீட்டில் நடக்கப்போகும் கல்யாணத்துக்கோ, திரும்பி வரப்போகும் மகளுக்கோ ஓர் அறை வேண்டும் என்ற எண்ணமாக இருக்கும். அப்படியானால் இப்போது 750இல் கட்டி, பின்னால் ஓர் அறையைச் சேர்த்துக்கொள்ளும்படி அத்திவாரத்தையும் கூரைச் சாய்வையும் வரைந்துவிடலாம். அதே வசதியை ஒன்பது வீட்டுக்கும் கொடுத்துவிட்டால் மனத்தாங்கலும் வராது.

தாயாரின் முற்றத்துக்கு அகலம் வீட்டின் அகலமே. ஆழம் பன்னிரண்டு அடி வைத்திருக்கிறேன். துவைகல்லும் கறிவேப்பிலையும் ஒரு கட்டிலும் அதில் அடங்கும். மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கையும் சமவுயரக் கோடுகள் உள்ள அளவைப் படமும் கைக்கு வந்ததும் இங்கே பகிருங்கள். எந்தத் தட்டில் பொதுவீடு உட்காரும் என்பதை அப்போது திட்டமாகச் சொல்ல முடியும்.